ரெண்டு கையெழுத்து

போன மாசம் எங்க பொது வீட்டு ஓட்டுக்கூரையில வேலை பாத்த கொத்தனார்ட்ட 18,000 ரூபாய்க்கு ஒரு செக்கை நீட்டுனேன். வாங்கி முன்னாடி பாத்தாரு, திருப்பிப் போட்டு பின்னாடி பாத்தாரு, வேட்டியில கையைத் துடைச்சுக்கிட்டு இன்னொரு தடவை முன்னாடி பாத்தாரு. "அண்ணே, இதை நான் எங்க போயி மாத்துறது, ஜிபே பண்ணி விட்ருங்களேன்"னாரு. கூட நின்ன பையனுக்கு 20 வயசு இருக்கும், "செக்குங்கிறது இதானா"ன்னு கேட்டுட்டு போனை எடுத்து ஒரு போட்டோ புடிச்சான். அக்கவுண்ட் நம்பர், கையெழுத்து எல்லாம் தெரியுதுடா தம்பின்னு சொல்லி அழிக்க வச்சேன், அவனுக்கு ஏன்னு புரியல, மியூசியத்துல போட்டோ எடுக்கக் கூடாதுன்னு சொன்னா மொறைப்பானே அப்படி மொறைச்சான்.

கடைசியில என் சொந்தக் கணக்குல இருந்து ஜிபே பண்ணேன். அந்தப் பதினெட்டாயிரத்தை நான் பொதுக் கணக்குல இருந்து திரும்ப வாங்குன கதை இருக்கே, அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு, ஆனா அதுக்கு முன்னாடி எங்க வீட்டைப் பத்தி சொல்லாம முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கங்க.

வீடு காரைக்குடிக்குப் பக்கத்துல கோட்டையூர்ல. நாங்க நகரத்தார், பாட்டையா கொண்டு விக்க, அதாவது கடல் தாண்டி வியாபாரத்துக்குப் போன பர்மாக் காசுல கட்டுனது, முகப்பு, பட்டாசாலை, வளவு, ரெண்டாங்கட்டு எல்லாம் உண்டு, ஆளுதான் இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை முன்னோருக்குப் போடுற படைப்புக்கும், யாருக்காவது அறுபதாம் கல்யாணம் மாதிரி சாந்தி வந்தா அதுக்கும் தான் கதவு தொறக்கும். எங்க ஐயாவுக்கு, அதாவது தாத்தாவுக்கு, மூணு பசங்க, ஆக மூணு பங்கு. பெரியப்பச்சி, அதான் பெரியப்பா, சென்னையில, வயசு 84. எங்க அப்பச்சி, என் அப்பா, இப்ப இல்ல, அவுக எடத்துல நான். சித்தப்பச்சி மகன் ஒருத்தன் சிங்கப்பூர், ஒருத்தன் கோயம்புத்தூர். ஈபி பில், வாட்ச்மேன் சம்பளம், வீட்டு வரி, கிணத்து மோட்டாரு, மழைக்கு முன்னாடி ஓடு மாத்துறது, இதுக்கெல்லாம் மூணு பங்கும் காசு போட்டு ஒரு பொதுக் கணக்கு இருக்கு. அந்தக் கணக்குல இருந்து ஒத்த ரூபா எடுக்கணும்னாலும் பெரியப்பச்சி கையெழுத்தும் என் கையெழுத்தும் ரெண்டும் வேணும். பேங்க் பாஷையில 'ஜாயிண்ட்லி'.

ஏன் அப்படி வச்சாகன்னு கேட்டீங்கன்னா, தொண்ணூறுகள்ல ஒரு சண்டை. எங்க வீட்டுல பழைய சாமான் அறையில இருந்த பெல்ஜியம் கண்ணாடி, பீங்கான் ஜாடி, ரெண்டு நிலைக்கதவு, இதெல்லாம் ஒரு பங்காளி மத்தவுகளக் கேக்காம வித்துட்டாக. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒரு தடவை போயிப் பாத்தவங்களுக்குத் தெரியும், செட்டிநாட்டு வீடு ஒவ்வொண்ணோட வயித்துல இருந்ததும் அங்க வெளிய கிடக்கும். யாரு வித்தாகன்னு சொல்ல மாட்டேன், எல்லாரும் இதைப் படிக்கிறாக. வித்தது கூடப் பரவாயில்ல, கேக்காம வித்தது தான் பெரிசாப் போச்சு, மூணு வருஷம் பேச்சு வார்த்தை கிடையாது, ஒரு கல்யாணத்துக்கு ஒரு பங்கு வரவே இல்ல. அப்புறம் பெரியவுக உக்காந்து பேசி முடிச்சப்ப போட்ட ஏற்பாடு தான் இது. இனிமே ஒருத்தர் கையில மட்டும் சாவியும் இருக்கக் கூடாது, செக்கும் இருக்கக் கூடாது. ஒருத்தரை ஒருத்தர் நம்பாததுனால வந்த ஏற்பாடு. எனக்கு அப்ப இதைப் பாத்தாலே எரிச்சலா வரும்.

அப்பச்சி இருந்தப்ப செக்கு எப்படிப் போகும்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மேஜைப் பெட்டியத் தொறந்து செக் புக்கை எடுப்பாக, மைப் பேனா, தமிழ்ல தான் எழுதுவாக. 'ரூபாய் பன்னிரண்டாயிரத்து நானூறு மட்டும்'. மட்டும்ங்கிறதுக்குப் பின்னாடி ஒரு நீட்டமான கோடு, யாரும் எதுவும் சேத்து எழுதிற முடியாதபடிக்கு. செக்கைத் தமிழ்ல எழுதலாமான்னு இன்னைக்கும் சில பேரு கேக்குறாங்க, தாராளமா எழுதலாம், இங்கிலீசு, இந்தி, அந்தந்த மாநில மொழி எதுல எழுதினாலும் பேங்க் வாங்கணும். கையெழுத்துப் போட்டு, மூலையில ரெண்டு கோடு கிழிச்சு 'அக்கவுண்ட் பேயீ', அப்புறம் ஒரு இன்லண்டு லெட்டர் அளவுக்கு ஒரு சீட்டு எழுதுவாக. எதுக்கு இந்தக் காசு, எத்தனை மூட்டை சிமெண்ட், வாட்ச்மேன் மக கல்யாணத்துக்கு என்ன செஞ்சோம், கிணத்துல தண்ணி எவ்வளவு கிடக்கு, அது வரைக்கும். ராத்திரி பஸ்ஸுல மெட்ராஸ் போற யார் கையிலயாவது குடுத்து விடுவாக. நாலஞ்சு நாள்ல பெரியப்பச்சி கையெழுத்தோட திரும்பி வரும், கூடவே பதில் சீட்டு. சிமெண்ட் மூட்டைக்கு ரெண்டு ரூபா கூட வாங்கியிருக்கானே, விசாரி. இப்படி. அந்தச் சீட்டெல்லாம் அப்பச்சி ஒரு கம்பியில குத்தி வச்சிருந்தாக, இப்பவும் வீட்டுல தொங்குது.

உண்மையில எங்க ஆளுகளுக்குக் காகிதத்துல காசு அனுப்புறது செக்குக்கு முன்னாடியே பழக்கம். உண்டியல்னு சொல்லுவாக. கோயில் உண்டியல் இல்லீங்க. ரங்கூன்ல ஒரு கடையில பணத்தைக் கட்டி ஒரு காகிதம் வாங்கிக்கிட்டா இங்க ஊர்ல இன்னொரு செட்டியார் கடையில அதைக் காட்டி பணம் வாங்கிக்கலாம், காட்டுனதும் குடுக்க வேண்டியது தரிசன உண்டியல், இத்தனை நாள் கழிச்சுன்னா தவணை உண்டியல். கப்பல்ல போனது காகிதம் மட்டும் தான், அதுக்குப் பின்னாடி நின்னது அந்த விலாசத்தோட, அதாவது செட்டியார் பேருக்கு முன்னாடி நிக்கிற இனிஷியலோட, நாணயம். இப்ப உண்டியல்னா சிங்கப்பூர்ல இருந்து கணக்கில்லாம அனுப்புற பணம்னு அர்த்தமாயிருச்சு, அந்த வார்த்தைக்கு வந்த கதியப் பாருங்க. 1937 பிப்ரவரி 10ஆம் தேதி எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் பேங்க்கை ஆரம்பிச்சப்ப ஒரே நாள்ல மூணு ஊர்ல தொறந்தாக, மெட்ராஸ், ரங்கூன், அப்புறம் நம்ம காரைக்குடி. பாம்பேல கல்கத்தால இல்ல, காரைக்குடியில. எனக்கு பேங்க்ல க்யூவுல நின்னு கால் கடுக்கும்போதெல்லாம் இதை நெனச்சு மனசைத் தேத்திக்குவேன்.

என் தொழில் காரைக்குடியில பெயிண்ட் கடை. அப்பச்சி ஆரம்பிச்சது, கடையோட முதல் இருபது வருஷம் முழுக்க செக்குல தான் ஓடுச்சு. சின்ன வயசுல எனக்குக் கடையில குடுத்த முதல் வேலையே செக்குக்குப் பின்னாடி அக்கவுண்ட் நம்பர் எழுதி, சலான் நிரப்பி, பேங்க் டிராப் பாக்ஸ்ல போட்டுட்டு வர்றது. உள்ளூர் செக்குன்னா ரெண்டு மூணு நாளு. வெளியூர் செக்குன்னா கலெக்ஷனுக்கு அனுப்புவாங்க, அந்தக் காகிதமே தபால்ல அந்த ஊருக்குப் போயி அங்க பணமாகி வரணும், பதினஞ்சு நாளும் ஆகும் இருபது நாளும் ஆகும். இதுல வியாபாரிங்களுக்கு ஒரு வித்தை உண்டு. வெள்ளிக்கிழமை சாயந்தரம் செக் குடுத்தா திங்கக்கிழமைக்கு முன்னாடி கிளியரிங் போகாது, அந்த ரெண்டு நாள் வியாபாரக் காசை எடுத்து கணக்குல போட்டு செக்கைப் பாஸ் பண்ணிறலாம். கணக்குல காசு இல்லாமலே செக் குடுத்துட்டு நிம்மதியாத் தூங்குறதுக்கு ஒரு தைரியம் வேணும், அது அந்தக் காலத்து ஆளுகட்ட இருந்துச்சு. பல கடைங்க அந்த இடைவெளியில தான் பொழைச்சுது.

செக்கு திரும்புனா அசிங்கம், அது தனிக் கதை. பணம் போதலன்னு மெமோ வந்தா எங்க கடைத்தெருவுல சாயந்தரத்துக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிரும், யாரும் கேக்க மாட்டாக, ஆனா மறுநாள் கடன் சரக்கு வராது. சட்டமும் அதுக்கேத்த மாதிரி தான். 1881லயே வந்த மாற்றுமுறை ஆவணச் சட்டம், அதுல 138ஆம் பிரிவைச் சேத்து 1989 ஏப்ரல்ல இருந்து செக் பவுன்ஸ் ஆனா கிரிமினல் கேசு, ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா செக் தொகையில ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். மெமோ வந்து 30 நாளுக்குள்ள நோட்டீஸ், நோட்டீஸ் கிடைச்சு 15 நாள் அவகாசம், அப்பவும் குடுக்கலன்னா ஒரு மாசத்துக்குள்ள கேசு போடணும். இந்த 30, 15 கணக்கு எங்க தெருவுல வக்கீலை விட நல்லா மனப்பாடமாத் தெரிஞ்ச ஆளுக உண்டு.

செக்கு செத்துருச்சு செத்துருச்சுன்னு சொல்றவங்க கோர்ட்டு வாசல்ல போயி ஒரு நாள் நின்னு பாக்கணும். 2019 கடைசியில நாடு முழுக்க நிலுவையில இருந்த 2.31 கோடி கிரிமினல் கேசுல 35 லட்சத்துக்கு மேல வெறும் செக் கேசுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. பணம் குடுக்க வாங்க யாரும் செக்கைத் தொடுறதில்ல, ஆனா வட்டிக்கு விடுறவங்க மட்டும் செக்கை விடவே இல்ல. புரோ நோட்டுல ஒரு கையெழுத்து, கூட எதுவும் எழுதாத செக்குல ஒரு கையெழுத்து, ரெண்டையும் வாங்கி உள்ள வச்சுக்குவாக. வெத்து செக்குல கையெழுத்து தானே போட்டேன், தொகைய நான் எழுதலையேன்னு சொல்லி ஈஸியாத் தப்பிக்க முடியாது, மனசாரக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருந்தா கடனுக்காகத் தான் குடுத்தீங்கன்னு தான் கோர்ட்டு முதல்ல எடுத்துக்கும், இல்லன்னு நிரூபிக்க வேண்டியது நீங்க. 2019ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பே இருக்கு. அதனால இதைப் படிக்கிற சின்னப் பசங்களுக்கு ஒண்ணு சொல்றேன், செக்குன்னா என்னன்னே தெரியாம இருங்க, தப்பில்ல, ஆனா தெரியாம அதுல கையெழுத்து மட்டும் போட்றாதீங்க.

சரி, என் கடைக்கு வர்றேன். கடையில செக்கு எப்பக் கொறைஞ்சுச்சுன்னா ஒரு நாள்ல கொறையல. முதல்ல மதுரை டீலரு, பேங்க் விட்டு பேங்க் நேராப் பணம் அனுப்புற ஆர்டிஜிஎஸ் போடுங்கன்னாரு, அது 2004ல வந்தது, இப்ப ரெண்டு லட்சத்துக்குக் கீழ அதுல போகாது. அதுக்கும் கீழன்னா நெஃப்ட். அப்பல்லாம் நெஃப்ட்டும் பேங்க் நேரத்துல தான் போகும், சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல போட்டா திங்கக்கிழமை தான். 2019 டிசம்பர்ல நெஃப்ட்டை 24 மணி நேரமும் தொறந்தாங்க, அடுத்த வருஷ டிசம்பர்ல ஆர்டிஜிஎஸ்ஸும். அதோட வெள்ளிக்கிழமை வித்தைக்கு சமாதி கட்டியாச்சு. யுபிஐ 2016ல வந்துச்சு, அதே வருஷம் நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி நோட்டு செல்லாதுன்னாங்க, அப்புறம் தான் எங்க கடையில முதல் க்யூஆர் ஒட்டுனோம். அப்பச்சி அதைப் பாத்துட்டு, இது என்னப்பா கோலம்னாக. கோலப்பொடி கலர் பாக்கெட் விக்கிறவர் மேல கூட அவுகளுக்கு இதை விட நம்பிக்கை இருந்திருக்கும். சவுண்ட் பாக்ஸ் வந்ததும் தான் ஒத்துக்கிட்டாக, பணம் வந்ததுன்னு வாய் விட்டுச் சொல்லுதே, அது போதும்னாக. 2025 ஆகஸ்டுல நாட்டுல ஒரே மாசத்துல யுபிஐ பரிமாற்றம் 2,000 கோடியத் தாண்டிருச்சாம், அதுல பாதி எங்க கடைக்கு எதிர்ல இருக்க டீக்கடையில தான் நடக்குதுன்னு அந்த சவுண்ட் பாக்ஸ் சத்தத்தைக் கேட்டா தோணும்.

எனக்கு இதுல குறை எதுவும் இல்ல. வேகம், செலவு இல்ல, ராத்திரி பதினோரு மணிக்கும் போகும். இன்னொண்ணும் சொல்லணும், மாசத் தவணைக்கு கணக்குல இருந்து தானா எடுக்குற ஏற்பாட்டுல பணம் இல்லாமத் திரும்புனாலும் 2007 சட்டத்துல செக் பவுன்ஸ் மாதிரியே தண்டனை இருக்கு. காகிதத்துல தப்பிச்சிட்டோம்னு நெனக்க வேண்டாம்.

ஆனா எங்க அம்மா, ஆத்தா விஷயத்துல மட்டும் எனக்கு ஒரு உறுத்தல். ஆத்தாவுக்கு பென்ஷன் கிடையாது, வாடகை வருது, அவுக கணக்கு, அவுக செக் புக். முன்னாடி யாருக்கு என்ன குடுக்குறாகன்னு எங்க யாருக்கும் தெரியாது. பேரன் பேத்திக்கு, கோயிலுக்கு, கூட வேலை பாத்த பழைய சமையக்காரம்மா வீட்டுக்கு, தானா எழுதி தானா கையெழுத்துப் போட்டுக் குடுத்துருவாக. இப்ப போன் இருக்கு, யுபிஐ இருக்கு, பின் நம்பர் ஆத்தாவைத் தவிர வீட்டுல எல்லாருக்கும் தெரியும். யாருக்காவது 500 ரூபா அனுப்பணும்னா என் மகளைக் கூப்புடணும், அவ "எதுக்கு அப்பத்தா"ன்னு கேப்பா, சும்மா தான் கேக்குறா, ஆனா ஆத்தா ஒரு தடவை, "ஒண்ணுமில்ல ஆத்தா, விடு"ன்னுட்டாக. அன்னைக்கு நான் பக்கத்துல தான் இருந்தேன். மறுநாள் பேங்க்குக்குப் போயி அவுகளுக்குப் புது செக் புக்குக்கு எழுதிக் குடுத்துட்டு வந்தேன்.

இதுல விலாசம்னு ஒரு கூத்து வேற. எங்க ஆளுகளுக்கு இனிஷியல் ஒண்ணு ரெண்டோட நிக்காது, மூணு தலைமுறை பேரும் முன்னாடி நிக்கும். பெரியப்பச்சிக்கு பேங்க்ல அஞ்சு எழுத்து, ஆதார்ல ஒண்ணு, பான் கார்டுல அத்தனையும் விரிச்சு எழுதி. செக்குல அந்த அஞ்செழுத்தையும் போட்டு கையெழுத்துப் போட்டா அதுவே ஒரு பாதுகாப்பு, யாராலயும் அதை மாதிரி போட முடியாது. சிக்கல் என்னன்னா இப்ப அவுகளாலயே போட முடியல. கை நடுங்குது. 2023ல ஒரு செக் கையெழுத்து ஒத்துப் போகலன்னு திரும்பி வந்துருச்சு. பெரியப்பச்சிக்கு வந்த கோபம் சொல்லி மாளாது, "அறுபது வருஷமாப் போடுற கையெழுத்து, இப்ப வந்த பையன் அது என்னுது இல்லங்கிறானா"ன்னு போன்ல சத்தம். பேங்க்ல போயி புதுசா கையெழுத்து மாதிரி குடுக்க வச்சோம், அஞ்செழுத்துல மூணைக் கழிச்சாச்சு. கழிச்சதுல ஒண்ணு பாட்டையாவோட எழுத்து.

இப்ப அந்தப் பதினெட்டாயிரம். பேங்க்ல போயி கேட்டேன், இந்தப் பொதுக் கணக்கை யுபிஐல சேக்க முடியுமா. அங்க இருந்த அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, பொறுமையாச் சொல்லுச்சு. ரெண்டு பேரும் சேந்து தான் எடுக்கணும்னு இருக்க கணக்குக்கு எங்க பேங்க்ல இன்னும் யுபிஐ வராது சார், ஒருத்தர் பின் நம்பர் போட்டா போயிரும்ல, ரெண்டாவது ஆளு எங்க போடுவாரு. யாராவது ஒருத்தர் போட்டா போதும்னு மாத்திக்குடுங்க, அப்ப வரும். கம்பெனி கணக்குன்னா ஒருத்தர் போட்டு இன்னொருத்தர் ஓகே குடுக்குற மாதிரி நெட் பேங்கிங் இருக்கு, வீட்டுக் கணக்குக்கு இங்க அது இல்ல. சரி ஆர்டிஜிஎஸ், நெஃப்ட்டாவது பண்ணலாமான்னா, பண்ணலாம் சார், ஃபாரம் நிரப்பி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, கூட ஒரு செக்கும் வைங்க. அதாவது செக்குக்கு மாற்றா வந்த வழியில போறதுக்கும் ஒரு செக்கு வேணும். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, அந்தப் பொண்ணும் சிரிச்சுருச்சு.

யோசிச்சுப் பாத்தா எங்க வீடு மட்டும் இல்ல. ரெண்டு பேரு மூணு பேரு கையெழுத்துப் போட்டு நடத்துற கோயில் கணக்கு, சங்கம், டிரஸ்ட், அபார்ட்மெண்ட் அசோசியேஷன், இதெல்லாம் இன்னும் செக்கைப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கது இதனால தான். கோயிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவுன்னு கட்டுற புள்ளி வரி வாங்குறதுக்கு க்யூஆர் ஒட்டியாச்சு, சிங்கப்பூர்ல இருக்க தம்பி 2023ல அந்த ஊரு பேநவ்வையும் நம்ம யுபிஐயையும் சேத்ததுல இருந்து அங்க இருந்தே போன்ல எனக்கு அனுப்பிர்றான், உள்ள வர்றதுக்கு ஆயிரம் வழி. வெளிய போறதுக்கு மட்டும் அதே காகிதம் தான்.

வெளிநாட்டுலயும் இதே கதை தானாம். இங்கிலாந்துல 2018 அக்டோபரோட செக்கை ஒழிச்சிர்றோம்னு 2009லயே நாள் குறிச்சாங்க, வயசானவுகளும் தர்ம ஸ்தாபனங்களும் நாங்க என்ன பண்றதுன்னு புடிச்சுக்கிட்டதுல 2011ல அந்தத் திட்டத்தையே கைவிட்டுட்டாங்க. நியூசிலாந்துல அப்படி யோசிக்கல, 2021ல பெரிய பேங்க்குங்க நிறுத்தியே போட்டாங்க. நம்ம ஊர்ல ஒழிக்கவும் இல்ல, விடவும் இல்ல, செக்கை வேகமாக்கிக்கிட்டே இருக்காங்க. 2012ல ஆறு மாசமா இருந்த செல்லுபடிய மூணு மாசமாக் கொறைச்சாங்க. காகிதம் ஊர் ஊராப் போறதை நிறுத்தி படம் எடுத்து அனுப்புறாங்க. 2025 அக்டோபர் 4ல இருந்து பகல்ல கிளியரிங் நேரத்துக்குள்ள போன செக்குக்கு அன்னைக்கு ராத்திரி 7 மணிக்குள்ள பதில் சொல்லியாகணும். எங்க அப்பச்சி கலெக்ஷனுக்குப் போட்டுட்டு இருபது நாளு காத்துக்கிடந்தாக, இப்ப ஒரே நாள்ல பாஸ் ஆகுது, செக் போடத்தான் ஆளைக் காணோம். கண்ணு கெட்ட பெறகு சூரிய நமஸ்காரம்.

பாசிட்டிவ் பேன்னு இன்னொண்ணு, பெரிய தொகைன்னா செக் நம்பர், தேதி, பேரு, தொகை எல்லாத்தையும் முன்கூட்டியே பேங்க்குக்குச் சொல்லிரணும், 2021ல இருந்து இருக்கு, 50,000க்கு மேல நம்ம விருப்பம், 5 லட்சத்துக்கு மேல பேங்க் கட்டாயமாக்கலாம். எங்களுக்குத் தெரியாது. போன வருஷம் கூரை மரச் சட்டம் மாத்த 5,40,000க்கு ஒரு செக் குடுத்து, ரெண்டு கையெழுத்தும் கரெக்டா இருந்தும் இதைச் சொல்லலன்னு திருப்பி விட்டுட்டாங்க. மர வியாபாரி என்னைப் பாத்த பார்வை இருக்கே. காசு இல்லாமத் திரும்பல, சொல்லாததுனால திரும்புச்சுன்னு அவருக்கு நான் விளக்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு.

இந்த வருஷப் படைப்புக்கு எல்லாரும் வந்தப்ப, சாப்பாடு முடிஞ்சு வளவுல உக்காந்து நான் தான் பேச்சை எடுத்தேன். கணக்கை யாராவது ஒருத்தர் எடுக்கலாம்னு மாத்திருவோம், நான் போன்லயே குடுத்துருவேன், ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப் குரூப்ல போட்டுர்றேன், பெரியப்பச்சிக்கும் சிரமம் இல்ல. சிங்கப்பூர் தம்பி உடனே சரின்னான். கோயம்புத்தூர் தம்பியும் தலையாட்டுனான். பெரியப்பச்சி ஒண்ணும் சொல்லல, வெத்தலைய மடிச்சு வாயில போட்டு கொஞ்ச நேரம் மென்னுட்டு, "செஞ்சுட்டு சொல்றதும், சொல்லிட்டு செய்றதும் ஒண்ணா அப்பா"ன்னாக. அப்புறம் அவுகளே, "உன்னைச் சந்தேகப்பட்டு சொல்லல"ன்னாக. உங்க பின் நம்பரையும் சேத்துக் கேக்குற மாதிரி நம்ம பேங்க்ல ஒண்ணு வந்தாப் பாப்போம் பெரியப்பச்சின்னு சொல்லி சிரிச்சு முடிச்சிட்டோம். எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. கம்பியில குத்தியிருந்த பழைய சீட்டையெல்லாம் எடுத்துப் படிச்சேன். பேச்சு வார்த்தை இல்லாமப் போன மூணு வருஷத்துக்கு அப்புறம் அண்ணனும் தம்பியும் திரும்ப ஒருத்தருக்கொருத்தர் எழுத ஆரம்பிச்சதே இந்த செக்கைச் சாக்கா வச்சுத் தான். முதல் சீட்டுல சிமெண்ட் கணக்கு மட்டும் இருக்கு. நாலாவதுல அப்பச்சி, அண்ணமுண்டி (அண்ணன் சம்சாரம்) முழங்கால் வலிக்கு என்ன தைலம் போடுறாகன்னு கேட்டிருக்காக.

ஆக இப்ப நடக்குறது இது. செலவை எல்லாம் என் போன்ல இருந்து உடனுக்குடன் குடுத்துர்றேன், கொத்தனாருக்கும் நிம்மதி. மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூட்டிப் பாத்து என் பேருக்கே ஒரு செக் எழுதுறேன், என் கையெழுத்தைப் போட்டு, பில்லெல்லாம் பின் அடிச்சு, ஒரு சீட்டும் எழுதி கவர்ல போட்டு காலையில பல்லவன் ரயில்ல போற யார்ட்டயாவது குடுத்து விடுறேன், இல்லன்னா கூரியர். இந்தத் தடவை மொத்தம் 41,650 ரூபாய். அதுல அந்தப் பதினெட்டாயிரமும் அடக்கம்.

செக்கு முந்தாநாள் திரும்பி வந்துருச்சு, கையெழுத்து நடுங்குனாலும் ரெண்டெழுத்தும் சரியா இருக்கு. கூட ஒரு சீட்டு. 'ஓட்டு வேலை திருப்தி. மோட்டாருக்கு காயில் கட்டுன பில் 2,300ஐக் காணோம், அனுப்பி வை. ஆத்தா சௌக்கியமா.' பில்லை நேத்துல இருந்து தேடிக்கிட்டு இருக்கேன், காயில் கட்டுற கடைக்காரரு பில்லெல்லாம் குடுக்குற பழக்கம் இல்ல சார், வேணும்னா ஜிபே ஹிஸ்டரியப் பாருங்கங்கிறாரு.